ஒரு சிறிஞ் பெற்றோலின் விலை

சண்டையால் வவுனியாப் பாதை பூட்டிய பிறகு வன்னியில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரு புது வித்தை பழகிக்கொண்டார்கள். ஓமந்தைச் சோதனைச்சாவடிக்கு அப்பாலிருந்து பெற்றோல் வருவது அநேகமாக நின்றுபோயிருந்தது. மண்ணெண்ணெய் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். பெற்றோலில் ஓட வேண்டிய இயந்திரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டலாம். ஆனால் குளிர்ந்து கிடக்கும் இயந்திரம் மண்ணெண்ணெய்க்கு எழும்பாது, அதை எழுப்பக் கொஞ்சமாவது பெற்றோல் வேண்டும். ஊசி போடுகிற சிறிஞ்சில் பெற்றோலை எடுத்துக் காபரேற்றருக்குள் பீச்சிவிட்டு உதைத்தால் வண்டி இருமி இருமி எழும்பும். அதன் பிறகு வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு மண்ணெண்ணெயில் ஓடும். நிற்பாட்டிச் சூடு ஆறிவிட்டால் மறுபடியும் ஒரு சிறிஞ் பெற்றோல்.

அதனால் யாரும் இயந்திரத்தை நிற்பாட்டுவதில்லை. கடையில் சாமான் வாங்கும்போதும் வண்டி வெளியில் நின்று உறுமிக்கொண்டிருக்கும். செத்த வீட்டுப் படலை வாசலில் நின்று துக்கம் விசாரிப்பவர்கள்கூட ஒரு கையால் அக்சிலேற்றரை முறுக்கிக்கொண்டுதான் விசாரித்தார்கள். கல்யாணம் கட்டி எட்டு வருடம் மெல்லமாகப் பேசிய என் கணவர் அந்தக் காலத்தில்தான் கத்திக் கதைக்கப் பழகினார். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை.

எங்களுக்கு விசுவமடுவில் மிளகாய்த் தோட்டம். தோட்டம் என்றால் கிணறு, கிணறு என்றால் வாட்டர் பம்ப். பம்புக்கும் அதே வைத்தியம்தான். சிறிஞ்சில் பெற்றோல் விட்டு, கயிற்றைச் சுற்றி இழுத்து, அது எழும்பியவுடன் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிட வேண்டும். ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள் எங்களுக்கு ஒரு சிறிஞ் பெற்றோல் கட்டாயம் தேவைப்பட்டது. அதை என் கணவர் தன் சொந்த அக்காவிடமிருந்துதான் வாங்கினார்.

அந்த அக்கா எனக்கு மச்சாள். அவருடைய வீடு எங்கள் வீட்டிலிருந்து ஐந்து வளவு தள்ளி, வீதிக் கரையில் இருந்தது. அவருடைய கணவர் வீட்டு முகப்பில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவர். சைக்கிள் சாமான் எடுக்க வவுனியாவுக்குப் போன நேரத்தில் பாதை பூட்டிவிட்டது. அவர் அந்தப் பக்கம், மச்சாளும் இரண்டு பெண்பிள்ளைகளும் இந்தப் பக்கம். மச்சாள் கொஞ்ச நாள் அழுதார். பிறகு திருத்தும் கடையின் மேசையைத் துடைத்து, அதில் பெற்றோல் போத்தல்களை அடுக்கினார். எங்கிருந்தோ ஒருவர் கிழமைக்கு ஒரு தடவை ஒரு பிளாஸ்ரிக் கானில் பெற்றோல் கொண்டுவந்து கொடுப்பார். அவர் யார், எப்படிக் கொண்டுவருகிறார் என்று மச்சாளும் கேட்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

யாரும் அவரிடம் லீற்றர் கணக்கில் வாங்கவில்லை. ஒரு லீற்றர் வாங்க இரண்டு மூன்று நாள் கூலி வேண்டும். எல்லோருக்கும் ஒரு சிறிஞ் போதும். பெரிய சிறிஞ்சால் போத்தலிலிருந்து இழுத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, தாதிப்பெண் மாதிரி அளவு பார்த்துக் கொடுப்பார். பெற்றோல் பட்டுப் பட்டு சிறிஞ்சின் ரப்பர் ஊதி இறுகிப்போகும். அடிக்கடி புதுச் சிறிஞ் தேட வேண்டியிருந்தது.

அவருடைய இளைய பிள்ளைக்கு முட்டு. பனிக்காலம், புழுதிக்காலம் இரண்டிலும் மூச்சு இழுக்கும். ஒருநாள் மச்சாள் அலுமாரியைத் திறந்து எனக்கொரு சீலை எடுத்துத் தரும்போது, மேல் தட்டில் பிள்ளையின் மருந்துகளுக்குப் பக்கத்தில் சிவப்பு மூடி போட்ட சின்னப் போத்தல் ஒன்றைக் கண்டேன்.

"உதென்ன மச்சாள், மருந்துப் பாணியே?"

"இல்லைப் பிள்ளை, பெற்றோல். பிள்ளைக்கு இழுத்தால் ஆரின்ரையாவது மோட்டசைக்கிளிலைதானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும். அந்த நேரம் அவங்களிட்டைத் துளியும் இராது. இதை மட்டும் ஆர் கேட்டாலும் குடுக்கிறேல்லை."

அதே கடையில் அவருடைய தம்பி, என் கணவர், ஒவ்வொரு முறையும் சண்டை பிடிப்பார்.

"இது பகல் கொள்ளையெல்லோ அக்கா."

"அப்ப வேறை இடத்திலை வாங்கு."

"வேறை இடம் எங்கை கிடக்கு?"

"அப்ப கதையாதை, காசைத் தா."

அந்த மாதங்களில் ஊரில் வேறு கதையே இல்லை. கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையிலும், பிள்ளையார் கோயிலிலும், மிளகாய் ஆயும் பெண்களிடமும் பெற்றோல் விலைதான். விலை கூட்டி விற்பவர்களைப் பிடித்து அடைக்க வேண்டும் என்று சிலர். விற்கிறவர்களையும் அடைத்தால் பிறகு நீ எதை ஊற்றி ஓடுவாய் என்று சிலர். இரண்டு பக்கமும் சரி போலத்தான் எனக்குப் பட்டது. நான் மச்சாளின் விலையைத் திட்டுகிற அன்றே, அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று இரங்கவும் செய்தேன்.

சித்திரை வெயில் ஏறிய நேரம் வன்னி நிர்வாகம் பெற்றோலுக்குக் கட்டுப்பாட்டு விலை அறிவித்தது. அதற்கு மேல் விற்றால் சரக்கைப் பறிமுதல் செய்து கடைக்குச் சீல் வைப்பார்கள். என் கணவர் அந்தச் செய்தியைக் கொண்டுவந்த சந்தோசத்தில் அன்று இரண்டு அகப்பை சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

"உங்கடை அக்காவின்ரை கடையும் அதுக்குள்ளைதான் வரும்" என்றேன்.

"சட்டமெண்டால் எல்லாருக்கும் ஒண்டுதான்."

"அவா என்னத்தைச் சாப்பிடுவா?"

"அதுக்காக ஊரைச் சுரண்டலாமோ?" என்று கத்தினார். பக்கத்தில் பம்ப் ஏதும் ஓடவில்லை.

பத்து நாட்களுக்குள் வாசிகசாலை முற்றத்தில் கூட்டம் வைத்தார்கள். விலைக்கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பான அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, மரியாதையான, இளவயது மனிதர். அவரும் மோட்டார் சைக்கிளில்தான் வந்தார். முற்றத்தைச் சுற்றி இருபதுக்கு மேற்பட்ட வண்டிகள் வழமைபோல் ஓடியபடி நின்றன. புகைக்குள் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. அதிகாரி இரண்டு தடவை வணக்கம் சொன்னார், ஒருவருக்கும் கேட்கவில்லை.

"தயவுசெய்து எல்லாரும் எஞ்சினை நிப்பாட்டுங்கோ. ஒருத்தர் கதைக்கிறது ஒருத்தருக்குக் கேக்க வேணுமெல்லோ" என்று கையசைத்தார்.

ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதிகாரி முதலில் தன்னுடையதை நிற்பாட்டிக் காட்டினார். பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் அடங்கின. அவ்வளவு அமைதியை அந்த வருடம் நாங்கள் கேட்டதில்லை.

விவாதம் நன்றாகவே நடந்தது. ஒருவர் எழும்பி, இன்றைக்குப் பெற்றோலுக்கு விட்டால் நாளைக்குச் சீனிக்காரனும் மாக்காரனும் ஏற்றுவார்கள் என்றார். இன்னொருவர், மனிசியைப் பிள்ளைப்பேற்றுக்குக் கொண்டுபோன அன்று ஒரு சிறிஞ்சுக்குக் கைமணிக்கூட்டைக் கழற்றிக் கொடுத்த கதையைச் சொன்னார். அவர் வாங்கியது மச்சாளிடமல்ல, வேறு ஊரில். ஆனாலும் எல்லோரும் மச்சாளைத்தான் பார்த்தார்கள். அவரும் எழும்பினார்.

"நீங்கள் லீற்றருக்கு விலை போட்டிருக்கிறியள். இஞ்சை ஆர் லீற்றர் வாங்கினம்? கானைத் திறக்கிற ஒவ்வொரு தரமும் கொஞ்சம் காத்தோடை போகுது. சிறிஞ் கிழமைக்கு ஒண்டு பழுதாப் போகுது. கொண்டு வாறவர் எனக்குக் கட்டுப்பாட்டு விலைக்கே தாறேல்லை. நான் எப்பிடி விக்கிறது?"

அதிகாரி குறித்துக்கொண்டார். அவர் முகத்தில் இரக்கம் தெரிந்தது என்பதை நான் சொல்லத்தான் வேண்டும். அந்த இடத்தோடு விட்டிருந்தால் எச்சரிக்கையோடு போயிருக்கும். அப்போதுதான் என் கணவர் எழும்பினார்.

"அவா என்ரை கூடப்பிறந்த அக்கா. அதுக்காக நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் இந்தச் சனம் என்னை என்னெண்டு நினைக்கும்? சட்டமெண்டால் செய்யுங்கோ."

எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. மச்சாள் தம்பியை ஒருதரம் பார்த்துவிட்டுச் சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மறுபடி உட்கார்ந்தார். தம்பியே சொன்ன பிறகு அதிகாரிக்கு வேறு வழி இருக்கவில்லை. கூட்டம் அப்படியே கடைக்கு நடந்தது. கானிலும் போத்தல்களிலும் இருந்த பெற்றோலை எடுத்து, மூடிகளுக்கு மேல் கடதாசி ஒட்டிக் கையெழுத்து வைத்தார்கள். கடைக் கதவுக்கும் ஒரு கடதாசி. சரக்கைச் சங்கக்கடையில் கட்டுப்பாட்டு விலைக்குக் கொடுப்பதென்று முடிவு. சிலர் கைதட்டினார்கள்.

பிறகு எல்லோரும் வீட்டுக்குப் போக வண்டிகளிடம் வந்தார்கள். இரண்டு மணித்தியாலம் நின்ற வண்டிகள். ஒருவர் உதைத்தார், மற்றவர் உதைத்தார். சிறிஞ் எல்லோரிடமும் இருந்தது, அதற்குள் ஒன்றும் இல்லை. வழமைபோல் கூட்டம் முடிந்தால் மச்சாளின் கடையில் ஒரு சிறிஞ் வாங்கலாம் என்று வந்தவர்கள்தான் அநேகம் பேர். அதிகாரியின் வண்டியும் எழும்பவில்லை. சங்கக்கடைக்குக் கொண்டுபோகத் தூக்கி வந்த, கடதாசி ஒட்டிய கானைப் பார்த்தார். தன் கையெழுத்தைத் தானே கிழிக்க அவருக்கு மனம் வரவில்லை.

"அக்கா, உங்களிட்டைச் சீலுக்கு வெளியிலை கொஞ்சம்..." என்று கூடவே வந்திருந்த மச்சாளிடம் மெல்லக் கேட்டார்.

"எல்லாத்துக்கும் சீல் வைச்சாச்சுத் தம்பி" என்றார் மச்சாள்.

இருபது ஆம்பிளைகள் வேட்டியையும் சாரத்தையும் மடித்துக் கட்டிக்கொண்டு வெயிலில் வண்டி தள்ளிக்கொண்டு போனதை நான் மதகடியில் நின்று பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. என் கணவர் என்னைக் கடந்து போகும்போது என் பக்கம் திரும்பவே இல்லை.

சங்கக்கடையில் அந்தப் பெற்றோல் இரண்டு நாளில் முடிந்தது. அம்புலன்சுக்கும் அத்தியாவசிய வேலைக்கும் கொடுத்தபின் தோட்டக்காரருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கான் கொண்டுவருபவர் அந்தப் பக்கம் வருவதை விட்டுவிட்டார். கட்டுப்பாட்டு விலை சங்கக்கடைப் பலகையில் வெண்கட்டியால் எழுதப்பட்டு அப்படியே இருந்தது.

மிளகாய் பூவும் பிஞ்சுமாக நின்ற நேரம். பம்பை எழுப்பப் பெற்றோல் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் கப்பியால் வாளி வாளியாக அள்ளினோம். விடியத் தொடங்கினால் பத்து மணிக்கு முன் நான்கு வரிசைதான் நனையும். என் உள்ளங்கை தோல் உரிந்தது. நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசினால் என்ன பேசுவேன் என்று அவருக்கும் தெரியும்.

சீல் வைத்த ஐந்தாம் நாள் இலை சுருண்டது. அன்று காலை மச்சாள் தோட்டத்துக்கு வந்தார். வரம்பில் நின்று சுருண்ட இலைகளைப் பார்த்தார். மடியிலிருந்து சிவப்பு மூடிப் போத்தலை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார்.

"பம்பை எழுப்பு."

என் கணவரின் முகம் மலர்ந்தது. "என்ன விலை அக்கா?"

"நீ சொன்ன விலைதான். கட்டுப்பாட்டு விலை."

அவர் சிரிக்கப் பார்த்தார். மச்சாள் சிரிக்கவில்லை, கையை நீட்டியபடி நின்றார். அந்தச் சின்னப் போத்தலுக்குக் கட்டுப்பாட்டு விலைப்படி வந்தது ஒரு பிளேன்ரீக் காசும் இல்லை. என் கணவர் சேட்டுப் பையில் துழாவிச் சில்லறை கொடுத்தார். மச்சாள் அதைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு திரும்பி நடந்தார்.

என் கணவர் சிறிஞ்சில் பெற்றோலை இழுத்து, பம்புக்குக் குனிந்து, கட்டைவிரலை வைத்தார்.

"இஞ்சருங்கோ" என்றேன். ஐந்து நாளைக்குப் பிறகு பேசிய முதல் சொல். "அது சின்னவளுக்கு முட்டு வந்தால் கொண்டு போறதுக்கு வைச்ச பெற்றோல். அலுமாரிக்குள்ளை மருந்தோடை இருந்தது. அவாவிட்டை வேறை துளியும் இல்லை."

அவருடைய விரல் அப்படியே நின்றது. பம்பையும் மிளகாயையும் பார்த்தார். பிறகு சிறிஞ்சில் இருந்ததைத் துளி சிந்தாமல் போத்தலுக்குள் விட்டு மூடினார். நாங்கள் இரண்டு பேரும் மச்சாள் வீட்டுக்குப் போனோம்.

மச்சாள் குசினி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என் கணவர் போத்தலை அக்காவுக்கு முன்னால் வைத்தார்.

"இது வேண்டாம் அக்கா."

"வித்த சாமானை நான் திருப்பி எடுக்கிறேல்லை" என்றார் மச்சாள், தலை நிமிராமல். "வேணுமெண்டால் விலைக்கு வாங்கிறன். இப்ப ஊருக்குள்ளை உன்னட்டை மட்டும்தான் பெற்றோல் கிடக்கு. என்ன விலை சொல்லுறாய்?"

உள்ளே சின்னவள் சின்ன விசில் சத்தத்தோடு மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருந்தாள். புழுதிக்காலம் தொடங்கியிருந்தது.

"சொல்லு தம்பி. நான் பேரம் பேசமாட்டன்."

என் கணவர் நிலத்தில் குந்தி, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். எத்தனையோ சாவுக்கும் இடம்பெயர்வுக்கும் அழாத மனிதர். எனக்கு அவர் மீது இருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது, அது போனது எனக்கே பிடிக்கவில்லை. மச்சாள் சுளகை வைத்துவிட்டுச் சீலை முடிச்சை அவிழ்த்தார். அதே சில்லறையை எடுத்துத் தம்பியின் பக்கத்தில் நிலத்தில் வைத்தார். போத்தலைக் கொண்டுபோய் அலுமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டு வந்து, அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்.

அந்தப் போகம் மிளகாயில் பாதிக்கு மேல் கருகிப்போனது.