டம்ளர் ஆடாத சாயங்காலம்

இன்று கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு டீக்கடையில் நின்றபோது, பக்கத்துக் கல்யாண வீட்டு ஸ்பீக்கர் அதிர்வில் அலமாரி டம்ளர்கள் ஆடின. கடைக்காரர் திட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது.

அறுபதுகளில் இதே கொடைக்கானலில் ஒரு ஹோட்டல் பேண்டில் நான், கனத்த சத்தத்தில் அதிரும் பேஸ் கிட்டார் வாசித்தேன். இங்கிலீஷ் ரெக்கார்டுகளைக் கேட்டு அப்படியே வாசிப்போம். மதுவிலக்குக் காலம். கூட்டம் லெமன் சோடாவைக் குடித்துவிட்டே ஆடும்.

டிரம்ஸ் சத்தத்தில் என் வாசிப்பு எனக்கே சரியாகக் கேட்டதில்லை. ஆனாலும் ஒரு சாயங்காலம் கண்ணை மூடி, தலையை ஆட்டி, உயிரைக் கொடுத்து வாசித்தேன்.

முடிந்ததும் எங்கள் பாடகன் டேவிட் தோளில் தட்டினான். "ஏலே, இன்னைக்குத்தான் பாட்டு தெளிவா கேட்டுச்சு. நாளைக்கும் இதே மாதிரி வாசி."

பெருமை தாங்கவில்லை.

மேடைக்குப் பின்னால்தான் சமையலறை. அங்கிருந்து சமையல்காரர் காதர் பாய் வந்தார்.

"தம்பி, உடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தானே இருக்கேன் பாய். ஏன்?"

"நீங்க வாசிச்சா என் அலமாரியில டம்ளரெல்லாம் ஆடும். இன்னைக்குச் சும்மா கெடக்கு."

திரும்பிப் பார்த்தேன். மேடையோரம், ஹோட்டலில் தங்கியிருந்த மதுரைக்காரர் ஒருவர் சால்வை போர்த்திக்கொண்டு, என் ஆம்ப்ளிஃபயர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அங்கே ஹீட்டரைச் செருகிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்.

"பிரமாதம் தம்பி," என்றார்.

மறுநாள் மேடையேறும் முன் டேவிட் அந்த மதுரைக்காரரிடம் போய், "சார், குளிருதுங்களா?" என்று அக்கறையாக விசாரித்துக்கொண்டிருந்தான்.

இங்கே பேஸ் வாசிக்கிறவர்கள் இருந்தால் கை தூக்குங்கள். முதலில் பிளக்கைப் பார்த்துவிட்டு.