பாரமில்லாத படங்கு

சமையலறைத் தராசின் மேல் ஒரு படங்கு மடித்து வைக்கப்பட்டிருந்தது. தார்ப்பாயை நாங்கள் படங்கு என்றுதான் சொல்வோம். அக்கா கேக்குக்கு மாவு நிறுக்கும் சின்னத் தராசு அது. படங்கின் ஓரங்கள் நான்கு பக்கமும் வழிந்து மேசையைத் தொட்டுக்கொண்டிருந்தன. அண்ணை ஒரு கையால் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, குனிந்து எண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கனக்கப் பாரம், தங்கச்சி. இது சரிவராது," என்றார். எத்தனையோ கோடைகளில் தன் கூடாரத்துக்கு அடியில் விரித்துப் படுத்த படங்கு அது. முந்தைய ஆண்டுவரை அதன் பாரம் அவருக்குத் தெரிந்ததே இல்லை.

அண்ணை என் உடன்பிறந்தவர் அல்லர். ஜெர்மனியில், எர்லாங்கன் நகரில் நான் வேலை செய்யும் இடத்தில் பக்கத்து மேசைக்காரர். மின்சுற்றுப் பலகைகளைச் சோதித்துப் பழுது பார்ப்பது எங்கள் வேலை. மதியத்தில் அவருடைய சாப்பாட்டுப் பெட்டியும் என்னுடையதும் ஒன்றாகத்தான் திறக்கும். அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிட்டுப் பழகி, அவர்கள் வீடு எனக்கும் வீடு மாதிரி ஆகிவிட்டது. விடுமுறை வந்தால் அண்ணை கூடாரத்தை முதுகில் போட்டுக்கொண்டு தனியே காட்டுப் பாதைகளில் நடக்கப் போய்விடுவார். கோயிலில் சந்திக்கிறவர்கள், "வீடு வாசல் இல்லாத ஆள் மாதிரி ஏன் காட்டில படுக்கிறீங்கள்?" என்று கேலி செய்வார்கள். "மிச்ச நாளெல்லாம் வீட்டிலதானே படுக்கிறன்," என்பார்.

முதலில் இடுக்கி அவர் விரல்களிலிருந்து நழுவத் தொடங்கியது. பிறகு சட்டைப் பொத்தான். டெர்மின் என்று இங்கே சொல்லும் மருத்துவச் சந்திப்புகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்தன; மருத்துவர்கள் மாறி மாறிப் பார்த்தார்கள். கடைசியில் நோயின் பெயரைச் சொன்னார்கள். நரம்புகள் தசைகளோடு பேசுவதை ஒவ்வோர் இடமாக நிறுத்திக்கொண்டே போகும் நோய். மருந்து அதைக் கொஞ்சம் மெதுவாக்கும், நிறுத்தாது. அண்ணை இதை வேலை மேசையில் வைத்தே, பழுதான பலகையைப் பற்றிச் சொல்வதுபோல எனக்குச் சொன்னார். "கால் இன்னும் நல்லா இருக்கு. பிராங்கன் மலைப்பக்கம் ஒருக்கா நடந்துபோட்டு வரப்போறன்," என்றும் சொன்னார். "உங்களுக்கு என்ன விசரோ?" என்று அக்கா அழுதார். பிறகு தானும் நானும் கூட வருவதென்றால் சரி என்றார்.

அதன்பிறகு அந்த வீட்டில் எல்லாமே நிறுக்கப்பட்டன. கரண்டி, கைவிளக்கு, தூங்கும் பை, மாற்றுக் காலுறை. எங்கள் மூவராலும் அந்த நோயை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆகவே நிறுக்க முடிந்தவற்றை நிறுத்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு பொருளிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தைக் கழித்தால், அவருடைய கைகளும் தோள்களும் அந்தளவுக்குத் திரும்பிவிடும் என்று நம்பினோமோ என்னவோ. ஆனால் ஒரு பொருளை மாற்றி இலேசாக்கி முடிப்பதற்குள் அவருடைய பலம் இன்னும் ஒரு படி இறங்கியிருக்கும்.

படங்கைத்தான் அவரால் விட முடியவில்லை. கூடாரத்தின் அடித்துணி மெல்லியது, ஒரு கூரான கல் போதும் கிழிப்பதற்கு, அடியில் ஏதாவது விரித்தே ஆகவேண்டும் என்றார். மலையேறுவோருக்கான கடைக்கு மூவரும் போனோம். கூடாரத்தின் அளவுக்கே தைத்த விரிப்பு நன்றாக இருந்தது. அண்ணை கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கூரை ஓடுகளுக்கு அடியில் போடும் வெள்ளைத் தாளைச் சிலர் வெட்டிப் பாவிப்பதாகக் கடைப்பெண் சொன்னாள். எல்லாவற்றிலும் இலேசானது, குளிர்காலத்தில் ஜன்னலுக்கு ஒட்டும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்தானாம். எதை எடுத்தாலும், கூடாரத்தின் அடியைவிடச் சற்றுச் சிறியதாக வெட்டவேண்டும், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீரைப் பிடித்து அடியில் கொண்டுபோய்த் தேக்கிவிடும் என்று அவள் இரண்டு முறை சொன்னாள். அண்ணை அந்த ஜன்னல் தாளையே எடுத்தார். உள்ளங்கையில் வைத்தபோது, நெடுநாளைக்குப் பிறகு அவர் முகம் தெளிந்தது. "இருக்கிறதே தெரியேல்லை," என்றார்.

வெட்டுவதற்கு யாரையும் விடவில்லை. வரவேற்பறைத் தரையில் தாளை விரித்து, முழங்காலிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார். பெருவிரல் வளையத்துக்குள் நிற்கவில்லை. வெட்டு கோட்டை விட்டு வெளியே போய், திரும்பி வந்து, மறுபடி போனது. அக்கா சமையலறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். முடித்தபோது ஒரு பக்கம் நன்றாக அகன்றிருந்தது. எங்கள் மூவருக்கும் அது தெரிந்தது. "காணும், இவ்வளவு போதும்," என்று சொல்லி அண்ணை எழுந்தார்.

நடைப்பயணத்தின் முதல் நாள் நன்றாகவே போனது. சுண்ணாம்புப் பாறைகளுக்கு இடையே அவர் எங்களுக்கு முன்னால் நடந்தார். மூச்சு வாங்கியது அக்காவுக்குத்தான். மாலையில் கூடாரத் திடலில் எங்களுக்கு ஒன்றும் அவருக்கு ஒன்றுமாக இரண்டு கூடாரங்களை அடித்தோம். அவருடைய கூடாரத்தின் ஒரு பக்கத்தில் தாளின் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேற்கே வானம் கறுத்து வந்தது. அண்ணை அதைக் கண்டுவிட்டார். குந்தியிருந்து விளிம்பை உள்ளே மடிக்கப் பார்த்தார். தாள் ஈரப் புல்லில் ஒட்டிக்கொண்டது. விரல்கள் அதன்மேல் வழுக்கின. நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"விடுங்கோ தங்கச்சி. நான் செய்யிறன்."

"ஒரு பக்கம் பிடிக்கிறன் அண்ணை."

"நான் செய்யிறன் எண்டு சொல்லுறன்."

அக்கா என் சட்டைக் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அவர் கண்கள் என்னைக் கெஞ்சின. ஒரு நொடியில் முடியக்கூடிய வேலை. என் கைகளுக்கு ஒரு குறையுமில்லை. அவற்றை வைத்துக்கொண்டு நான் நின்றேன். அண்ணை உள்ளங்கையால் தள்ளினார், முழங்கையால் தள்ளினார், கடைசியில் சப்பாத்து நுனியால் தள்ளினார். உள்ளே போன விளிம்பு மெல்ல மெல்லத் திரும்பி வெளியே வந்தது. மழைத்துளிகள் விழத் தொடங்கியதும் அவர் எழுந்து, யாரையும் பார்க்காமல் கூடாரத்துக்குள் போனார்.

காலையில் அவருடைய தூங்கும் பை நனைந்து தொங்கியது. அண்ணை அக்காவின் சால்வையைப் போர்த்துக்கொண்டு மரவாங்கில் உட்கார்ந்திருந்தார்; உதடுகள் நீலம் பாரித்திருந்தன. "இஞ்சருங்கோ, வீட்டை போவம்," என்று அக்கா தேநீர்க் கோப்பையை அவர் வாய்க்குப் பிடித்தபடி சொன்னார். "பெரிசா வெட்டிப்போட்டன்," என்றார் அவர். "வேற ஒண்டு வெட்டிக்கொண்டு திருப்பி வரலாம் அண்ணை," என்றேன். "ஓம், வரலாம்," என்று தலையாட்டினார். எங்களை ஆறுதல்படுத்துவதற்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

பிறகு நாங்கள் அங்கே போகவில்லை. குளிர்காலம் முடியுமுன் கால்களும் போயின. அடுத்த ஆண்டு பேச்சும் போனது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய், அக்காவோடு சேர்ந்து அவரைப் பக்கம் மாற்றிப் படுக்கவைக்கிறேன். தலையணையை எங்கே வைக்கவேண்டும் என்று கண்ணால் காட்டுகிறார். பெரும்பாலும் நாங்கள் தவறான இடத்தில் வைக்கிறோம். பொறுமையாக மறுபடி காட்டுகிறார். எதையும் "நான் செய்யிறன்" என்று அவர் தடுப்பதில்லை. அந்தச் சொல்லை இன்னும் ஒரு முறை கேட்க எதையும் கொடுப்பேன்.

கூடாரம் நனைந்த அன்று காலை, வீடு திரும்பக் கிராமத்துப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. அண்ணை முதுகுப்பையைக் கழற்ற முயன்றார், வரவில்லை. "இதை ஒருக்கா எடுத்துவிடுங்கோ, தங்கச்சி," என்றார். பட்டியைத் தளர்த்தி எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டேன். பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார். மூவரையும் பார்த்துவிட்டு அண்ணையில் பார்வையை நிறுத்தினார். புஸ்ஸென்று காற்று இறங்கும் சத்தம் கேட்டது. பேருந்தின் கதவுப் பக்கம் சாய்ந்து, படி நடைபாதைக்குச் சமமாகத் தாழ்ந்தது. அண்ணை அந்தப் படியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்காகவோ?" என்று அக்காவிடம் கேட்டார்.

"ஓம்," என்றார் அக்கா. "ஏறுங்கோ."