பினாயில் வீட்டு வான்கோழிகள்

பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் வேறு. ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். பினாயில் அக்கா என்று கேட்டால் வாசல் காவலாளியே மாடிப்படியைக் காட்டுவார். எலும்பு வார்டைப் பெருக்கித் துடைப்பது அவள் வேலை. பெரிய டாக்டரே ஆனாலும் ஈரத் தரையில் கால் வைத்தால், "சார், கொஞ்சம் ஓரமா" என்பாள். அவரும் மறுபேச்சு பேசாமல் ஓரமாகத்தான் போவார்.

வீட்டில் கேட்கவே வேண்டாம். லேத் பட்டறையில் வேலை பார்க்கும் புருஷன் சாயங்காலம் கொல்லைப்புறமாக வந்து, குழாயடியில் கைகால் கழுவி, சட்டையை உதறிப் போட்ட பிறகுதான் கூடத்தை எட்டிப் பார்க்கவே அனுமதி. கல்யாணத்தன்று இவள் குனிந்த தலை நிமிராமல் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும், அதை வெட்கம் என்று நம்பி ஏமாந்துவிட்டதாகவும் அவர் பட்டறையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப்பட்டவள் கோழி வளர்க்கிறாளா என்று வாயைப் பிளப்பவர்கள் அவள் கொல்லையைப் பார்த்ததில்லை. கம்பிவலைக் கூண்டுக்குள் பத்துப் பன்னிரண்டு கோழிகளும், ஒரு திமிர் பிடித்த சேவலும், ஜோடி வாத்தும் இருந்தன. தினமும் எச்சத்தை வாரி மூலைக் குப்பைக்குழியில் தள்ளி, தரையைப் பெருக்கி விடுவாள். அவள் கோழிகளுக்கு ஒரு நாள் தலைவலி என்று வந்தது கிடையாது.

அவளுக்கு ஒரு தங்கை. வீட்டில் சின்னவள் என்றே பெயர். கட்டினவன் விட்டுவிட்டுப் போனதிலிருந்து இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். தையல் கடை வைத்தாள், மூடினாள். செடி வளர்த்து விற்றாள், அதுவும் கருகியது. "நீ தொட்டது எதுடி விளங்கியிருக்கு" என்று அக்கா முகத்துக்கு நேராகவே கேட்பாள். பாசம்தான், ஆனால் அந்த வாய் அப்படி. கடைசியாகச் சின்னவள் கையில் எடுத்தது வான்கோழி. பதினோரு குஞ்சுகள் ஒன்றுகூடச் சாகாமல் கோழி அளவுக்கு வளர்ந்து நின்றன. இவற்றை முட்டைக்கு விட்டுப் பெருக்கிவிட்டால் போதும், யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். இதிலும் தோற்றால் இனி எதையும் தொடுவதில்லை என்றும் சொல்லியிருந்தாள். சொன்னபோது அவள் குரலில் விளையாட்டு இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் சின்னவளின் முதுகெலும்பு மக்கர் செய்தது. ஆபரேஷன் செய்தே தீர வேண்டும், ஒரு மாதமாவது படுக்கையில் கிடக்க வேண்டும் என்றுவிட்டார்கள். குஞ்சுகள் தன் வீட்டிலேயே இருக்கட்டும், காலையும் மாலையும் வந்து தீவனம் போட்டால் போதும் என்று சின்னவள் கெஞ்சிப் பார்த்தாள். அக்கா கேட்பாளா? கண்ணில் படாத இடத்தில் விட்டுவிட்டுப் பொறுப்பேற்க முடியாது, தன் வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவதாகச் சொன்னாள்.

"கோழியோட மட்டும் சேர்க்காதக்கா. ஏன்னா அது வந்து..."

"தெரியும்டி. கோழி வளர்க்க நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

பேச்சு அத்தோடு முடிந்தது.

ஆனால் கோழியோடு சேர்க்காமல் பார்த்துக்கொண்டாள் அக்கா, அதில் குறை சொல்ல முடியாது. கோழிகளையும் வாத்துகளையும் வீட்டோரச் சந்துக்குள் அடைத்தாள். காலியான கூண்டைச் சுரண்டி, குழாய் வைத்துக் கழுவி, பினாயில் ஊற்றி, சுவருக்கு வெள்ளையடித்தாள். "ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கு. பேஷன்ட் எப்ப வர்றாங்க?" என்றார் புருஷன். பேஷன்ட்கள் அன்று மாலையே கூடைகளில் வந்து இறங்கினார்கள்.

வந்தவை தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு, வளர்த்தவளைத் தேடி முனகின. அக்கா என்னென்னவோ போட்டுப் பார்த்தாள். ஒரு நாள் குப்பைக்குழியைக் கிளறும்போது கொழுத்த மண்புழு ஒன்று நெளிந்தது. சும்மா எடுத்துப் போட்டாள். அவ்வளவுதான், பதினொன்றும் பாய்ந்து வந்தன. அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் முதல் காரியமாக மண்வெட்டியை எடுத்தாள். பழைய டப்பா நிறையப் புழு பொறுக்கி, ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து ஊட்டினாள். அவை மடியில் ஏறின, சேலையை நாசம் செய்தன. அவளோ ஒரு வார்த்தை திட்டவில்லை. கட்டினவருக்குக்கூடக் கிடைக்காத சலுகை அது.

பிறகு ஒரு நாள் காலை, ஒன்று தலையை உள்ளிழுத்துக்கொண்டு, இறக்கை தொங்க, பஸ்ஸில் நின்றபடி தூங்குபவரைப் போல நின்றது. எச்சம் பளீரென்று மஞ்சளாக இருந்தது. மறுநாள் விறைத்துக் கிடந்தது. அதன் பிறகு இன்னொன்று போனது.  இத்தனை சுத்தத்தில், தன் கண் முன்னால் எப்படிச் சாகும்? யாரோ ஏதோ செய்கிறார்கள். யார் என்று யோசித்தபோது கொல்லைக் குழாயடியில் புருஷன் சட்டையை உதறிக்கொண்டிருந்தார்.

பிடித்துக்கொண்டாள். மினுமினுப்பாக எதைக் கண்டாலும் வான்கோழி கொத்திவிடும், அவர் சட்டையிலிருந்து கொட்டும் இரும்புச் சுருள்தான் எமன் என்று தீர்ப்பு எழுதிவிட்டாள். பட்டறையிலேயே குளித்துவிட்டு வரவேண்டும், கொல்லைப்பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது. மனிதர் பாவம், பட்டறையிலிருந்து ஒரு பெரிய காந்தத்தைக் கொண்டுவந்து கூண்டுத் தரை முழுக்கத் தவழ்ந்தார். கடைசியில் ஒட்டிக்கொண்டு வந்தது அவளுடைய கொண்டை ஊசி. அதைக் காட்டி ஒரு வார்த்தை பேசியிருந்தால் அன்று சோறு கிடைத்திருக்காது. பேசாமல் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் தங்கை படுத்திருந்தது இவள் துடைக்கும் வார்டில்தான். தினமும் கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விடும்போது மேலிருந்து கேள்வி வரும், எப்படி இருக்குதுங்க என்று. நல்லா இருக்குதுங்க என்பாள். காலை வெட்டி எடுக்கப்போகிறவரிடம்கூடச் சிரித்த முகமாக எல்லாம் நல்லா இருக்கு என்று சொல்லிச் சொல்லியே இருபது வருஷம் ஓட்டியவள். நோயாளியிடம் உண்மையைச் சொல்வது என்பது அவள் அகராதியிலேயே இல்லை. குஞ்சுகளில் முதுகில் இறகே முளைக்காத மொட்டை என்று ஒன்று உண்டு, சின்னவளுக்கு அதன் மேல் கொள்ளைப் பிரியம். அது எப்படி இருக்கிறது என்று தனியாகக் கேட்டாள். "உன்னையேதான் தேடுது" என்றாள் அக்கா. அன்று காலைதான் மொட்டையைப் புதைத்திருந்தாள்.

மிச்சம் இருந்தவற்றைத் தேற்றியாக வேண்டுமே. தெம்புக்காக இன்னும் ஆழமாகத் தோண்டினாள், டப்பாவை இன்னும் நிறைத்தாள்.

ஆறாவது செத்தபோது புருஷன் எதுவும் கேட்காமல் அதை ஒரு பைக்குள் போட்டு, அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார். மருத்துவர் நடுத்தர வயதுப் பெண், சிடுசிடுப்பு இல்லாதவர். வயிற்றைக் கிழித்து ஈரலை எடுத்துக் காட்டினார். காசு காசாக வட்டக் குழிகள். இரும்புத் துணுக்கு ஒன்றுகூட இல்லை. புருஷன் பெருமூச்சு விட்டது அறைக்கே கேட்டது.

"கோழி வளர்க்கிறீங்களா?"

"வளர்க்கிறேன். ஆனா இதுங்களோட சேர்க்கவே இல்ல மேடம். தனியா சந்துல போட்டிருக்கேன்."

"இதுங்க எங்க இருக்கு?"

கோழி இருந்த கூண்டைக் கழுவி விட்ட கதையை அவள் சொன்னாள். மருத்துவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். கோழியின் குடலில் ஒரு சின்னப் புழு இருக்கும், அது இடும் முட்டைக்குள் ஈரலை இப்படிக் குழி பறிக்கும் கிருமி ஒளிந்திருக்கும், எச்சத்தோடு மண்ணுக்குப் போகும், வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும், பினாயிலுக்கெல்லாம் அசையாது. கோழியை ஒன்றும் செய்யாது, வான்கோழியை விடாது.

"அதுவும் மண்ணுல இருக்கிற மண்புழு அந்த முட்டையைத் தின்னு வயித்துல வச்சிருக்கும். ஒரு மண்புழு போதும்."

 ஒரு மண்புழு போதுமாம். டப்பா டப்பாவாக, தன் கையால், வாயில் ஊட்டியிருக்கிறாள். கோழி எச்சம் வாரிக் கொட்டிய அதே குழியில் தோண்டி ஊட்டியிருக்கிறாள். நாற்காலி இருப்பது தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  புருஷன் தோளைத் தொட்டபோது, தொடாதே என்பது போலக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

ஆரம்பத்திலேயே கொடுத்தால் கேட்கும் மாத்திரை ஒன்று உண்டு, ஆனால் இப்போது இங்கே இல்லை, வர ஒரு வாரமாகும் என்றார் மருத்துவர். அதுவரை கோழிக் கால் படாத தரையாகப் பார்த்து மாற்றச் சொன்னார்.

கொல்லை முழுக்கக் கோழி மேய்ந்த மண். சந்திலும் கோழி. கோழிக் கால் படாத தரை அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முகம் பார்க்கலாம் போலத் துடைத்து வைத்திருக்கும் கூடம்.

"கூடத்துலயா?" என்று புருஷன் கேட்டு முடிப்பதற்குள் அவள் இரண்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். ஐந்தும் கூடத்துக்கு வந்தன. வேலைக்கு லீவு சொன்னாள். அங்கேயே பாய் விரித்துப் படுத்தாள். எச்சத்தை வார வார, கழிச்சல் நிற்கவில்லை. அதிலும் இரண்டு போயின. சின்னவளிடம் எப்படிச் சொல்வது என்று தரையைத் துடைத்தபடி வாய்க்குள் பேசிப் பேசிப் பார்த்தாள். எந்தப் பேச்சும் நன்றாக இல்லை.

பேசிப் பார்த்து முடிப்பதற்குள் சின்னவளே வந்துவிட்டாள். படுக்கை தேவைப்படுகிறது, நடக்கிறவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று அனுப்பிவிட்டார்களாம். இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு, மரக்கட்டை போல நிமிர்ந்து, ஆட்டோவிலிருந்து இறங்கி நேரே வாசலுக்கு வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். அந்தக் கூடத்தில் எச்சம். அந்தக் கூடத்தில் இறகு. நடுவே அக்கா, தலை சீவாமல், மூன்றே மூன்று வான்கோழிகளோடு.

"மீதி எங்கக்கா?"

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். கூண்டு, குழி, டப்பா, ஒன்று விடாமல் சொன்னாள். "என் கையாலதான்டி ஊட்டுனேன்" என்று முடித்துவிட்டு, அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள். சின்னவள் கத்தவில்லை. முதல் குஞ்சு எப்போது செத்தது என்று மட்டும் கேட்டாள்.

"உனக்குத் தையல் பிரிக்கிறதுக்கு முந்தின நாள்."

"அன்னைக்கு நல்லா இருக்குன்னு சொன்னியே."

"படுத்துக்கிடக்கிறவகிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அழுவே. வேற என்ன செய்வே?"

சின்னவள் தரையிலிருந்த எச்சத்தைப் பார்த்தாள்.

"மஞ்சளா கழிஞ்சுதான்னு கேட்டிருப்பேன். போன வருஷம் நான் முதல்ல வாங்கின வான்கோழிங்க எல்லாம் இப்படித்தான் செத்துச்சு. நீ திட்டுவேன்னு உன்கிட்ட சொல்லல. அந்த மாத்திரை என் வீட்டு அலமாரியிலதான் இருக்குக்கா. டப்பா நிறைய."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எச்சத்தின் மேல்தான் உட்கார்ந்தாள். எட்டுக் குஞ்சுகளையும் புதைத்தது இரண்டு தெருவுக்கு இந்தப் பக்கம். மருந்து இருந்தது இரண்டு தெருவுக்கு அந்தப் பக்கம். தினமும் வார்டில் அந்தக் கட்டிலுக்குக் கீழே குனிந்து நிமிர்ந்திருக்கிறாள். ஒரே ஒரு நாள் வாயைத் திறந்திருந்தால் போதும்.

"அக்கா, எழுந்திரு. அந்த ஓரத்துல நிக்குதே, அது இறக்கையைத் தொங்கப்போடுது பாரு."

பார்த்தாள். ஆமாம், தொங்கியது. சின்னவளால் குனிய முடியாது. கைப்பையிலிருந்து சாவியை எடுத்து நின்றபடியே நீட்டினாள்.

"மேல் தட்டு, துணிக்குப் பின்னாடி. சீக்கிரம் போ."

சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவள் தெருவில் இறங்கி ஓடினாள். வார்டு நர்ஸ் ஒருத்தி எதிரே வந்து, என்னக்கா இது கோலம் என்று நின்றாள். அவளுக்குக் காதில் விழவில்லை. மூணையாவது, மூணையாவது என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.