நாத்தனாருக்கு ஒரு குட்டி

ஊசியிடம் நல்ல தையல் வேண்டுமென்றால், துணியைக் கொடுக்கும்போதே அவளுடைய நாத்தனாரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் இது. "உன் நாத்தனார் தேய்ச்ச சட்டையில ஈ உக்காந்தா வழுக்கி விழுதாமே" என்று நான் ஒருமுறை போகிற போக்கில் சொல்லிவைத்தேன். சாதாரணமாக அங்குலத்துக்கு எட்டுத் தையல் போடுகிறவள், அன்று பதின்மூன்று போட்டாள். அந்தச் சட்டை கிழிவதற்குள் நான் கிழிந்துவிடுவேன் போலிருக்கிறது.

ஊசி என்பது தெரு வைத்த பெயர். உடம்பும் அப்படி, பார்வையும் அப்படி. பதினேழு வயதில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்து ஆறு வருஷம் சட்டைகளுக்கு இடது கை மட்டும் தைத்தாள். அவள் தைத்த கைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் நிலாவுக்குப் போய்வரலாம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், திரும்பி வரும்போதுதான் கொஞ்சம் குறைகிறது. வலது கை தைத்தவளுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. அந்தக் காந்தல் இன்றைக்கும் அவள் வயிற்றில் அணையவில்லை.

பிறகு பள்ளி வேன் ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு, வீட்டின் முன்னறையைத் தையல் கடையாக்கினாள். அடுத்த அறையில் அவர் தங்கை, துவைத்துத் தேய்த்துத் தரும் இஸ்திரிக் கடை போட்டாள். அவளைப் பெட்டி என்போம், இஸ்திரிப் பெட்டியால் வந்த பெயர். இரண்டு கடைக்கும் ஒரே சுவர். சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனவை பல: வேன்காரர் மாலைத் தேநீரைத் தங்கையிடம்தான் குடிப்பார். வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகள், அத்தைக்குப் பேசிவிட்டுத்தான் அம்மாவுக்குப் பேசுவாள். அதையெல்லாம் ஊசி எப்படியோ விழுங்கிக்கொண்டாள். பொத்தானும் போனதைத்தான் விழுங்க முடியவில்லை.

பொத்தான் பெண் நாய். ஊரைவிட்டுப் போன வாடிக்கையாளர் ஒருத்தி கொடுத்துவிட்டுப் போனது. தவிட்டு நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது யோசித்துக்கொண்டிருக்கும். மொத்த எடை மூன்று கிலோ. காலை முழுக்க ஊசியின் வெட்டுத்துணிக் கூடையில் கிடக்கும். மதியம் இரண்டடித்தால் எழுந்து சோம்பல் முறித்து, அடுத்த கடைக்குப் போய், தேய்த்து அடுக்கிய துணிகளின் சூட்டில் சுருண்டுகொள்ளும். பெட்டி அதைக் கஞ்சி என்று கூப்பிடுவாள், துணிக்குப் போடுகிற கஞ்சி. "பொத்தான்" என்று மூன்றுமுறை கூப்பிட்டால் ஒருமுறை திரும்பும். "கஞ்சி" என்று பாதி சொல்வதற்குள் போய் நிற்கும்.

"பேரு வச்சவ ஒருத்தி, வாலாட்டுறது ஒருத்திக்கா?" என்பாள் ஊசி, கத்தரிக்கோலைப் பார்த்து.

பொத்தானுக்கு எட்டு மாதம் ஆனபோது ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அலறல்.

"அண்ணி! ஓடி வாங்க! கஞ்சிக்கு எங்கயோ அடிபட்டிருக்கு!"

வங்கி மேலாளரின் வெள்ளைச் சட்டைகள் மேல் சிவப்புப் பொட்டுகள். நாயோ எதுவும் நடக்காததுபோல் உட்கார்ந்து தன்னை நக்கிக்கொண்டிருந்தது. ஊசி அள்ளிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினாள். டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பருவத்துக்கு வந்திருக்கா. மூணு வாரம் வெளிய தனியா விடாதீங்க. ரத்தம் குறைஞ்சா ஆபத்து போச்சுன்னு நினைக்காதீங்க, அப்பதான் ஆண் நாய் பக்கத்துல வந்தா சேர்த்துக்குவா. ஜட்டி தச்சுப் போடுங்க. தரைக்குத்தான் அது காவல், கற்புக்கு இல்ல."

"அப்புறம் டாக்டர்?"

"எல்லாம் அடங்கி ரெண்டு மூணு மாசம் ஆனதும் கருத்தடை ஆபரேஷன் பண்ணிடலாம். கர்ப்பப்பையில சீழ் புடிக்கிற தொல்லையும் வராது. யோசிச்சுச் சொல்லுங்க."

இவ்வளவுதான் டாக்டரம்மா சொன்னது. வீட்டுக்கு வந்து ஊசி சொன்னதில் ஒரு வரி கூடியிருந்தது.

"இஸ்திரிப் பெட்டிச் சூடு ஆகவே ஆகாதாம். மூணு வாரம் உன் பக்கமே விடக் கூடாதாம். கண்டிப்பாச் சொல்லிட்டாங்க."

"அப்படியா அண்ணி?" என்றாள் பெட்டி. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

வால் போக ஓட்டை வைத்து ஆறு ஜட்டிகள் தைத்தாள் ஊசி. வாடிக்கையாளர் சட்டைக் கழுத்தில் வைக்கும் தன் கடைப் பெயர் போட்ட துணிச் சீட்டை ஒவ்வொன்றின் இடுப்பிலும் வைத்துத் தைத்தாள். அந்த மூன்று வாரமும் எங்கள் தெருவுக்கு வராத ஆண் நாய் இல்லை. ஒன்று பேருந்தில் வந்து இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். திரும்பிப் போகவும் அதே பேருந்துக்கு நின்றது. வேன்காரர் காலையில் வண்டியை எடுக்கவே தடியோடுதான் இறங்குவார். "மாப்பிள்ளைங்க கூட்டம் ஜாஸ்தியா இருக்கே" என்று நான் கேட்டால், "எங்க வீட்டுப் பொண்ணு அப்படி" என்பாள் ஊசி. முகத்தில் அப்படியொரு பூரிப்பு. நாய் முழுநேரமும் அவளிடம் இருந்தது அல்லவா!

இருந்ததுதான். ஆனால் எப்படி இருந்தது? கூடையை விட்டுவிட்டு, சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தது. ஊசி அந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுவென்றிருந்தது. அந்தப் பக்கம் நாத்தனாரின் தேய்ப்பு மேசை.

அன்றுதான் அவள் தலையில் அந்த யோசனை முளைத்தது. பொத்தான் குட்டி போடட்டும். ஒன்றைத் தூக்கி நாத்தனார் மடியில் போட்டுவிட்டால், அவளுக்கென்று ஒரு கஞ்சி வந்துவிடும். பொத்தான் முழுசாகத் தனக்கு. மருந்துக்கடைக்காரரிடம் ஒரு நாய் இருந்தது, பன்னிரண்டு கிலோ, கரடிக்குத் தம்பி மாதிரி. அவரிடம் போய்ப் பேசி, ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு என்று முடிவும் செய்துவிட்டு வந்தாள்.

"மாப்பிள்ளை ஆள் பெருசா இருக்காரே" என்றார் வேன்காரர்.

"குட்டியும் பெருசா வரும். உங்க தங்கச்சி கை நிறைய இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை ஒருமுறை காட்டிவிட்டு வரலாமென்று மருத்துவரிடம் போனாள். டாக்டரம்மா நாயின் இடுப்பில் கையை வைத்தபடியே கேட்டார்.

"குட்டி எதுக்கும்மா?"

"நாத்தனாருக்கு."

"அவங்க கேட்டாங்களா?"

ஊசி மேசையைப் பார்த்தாள்.

"உங்க ரெண்டு விரலைக் குடுங்க. இங்க வைங்க. இதுதான் இவ இடுப்பு. இந்த வழியாத்தான் குட்டி வரணும். அந்த நாயோட குட்டி வராது, வயித்தைக் கிழிச்சுத்தான் எடுக்கணும். அதுலயும் இவ பொழைப்பான்னு நான் எழுதித் தர மாட்டேன். இவளே இன்னும் குட்டி. முதல் பருவத்துல யாரும் சேர்க்க மாட்டாங்க."

முப்பது வருஷமாகக் கையாலேயே அளவெடுத்தவள் ஊசி. அரை அங்குலம் எவ்வளவு என்று அவள் விரலுக்குத் தெரியும். விரலை நகர்த்தி இன்னொருமுறை அளந்தாள். பொத்தான் அவள் மணிக்கட்டை நக்கியது.

வரும் வழியிலேயே மருந்துக்கடையில் ஏறி, "சம்பந்தம் வேணாம்" என்றாள்.

"எங்க பையனுக்கு என்ன குறை?" என்றார் அவர்.

"குறை உங்க பையன்கிட்ட இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

பருவம் அடங்கி, இரண்டரை மாதம் கழித்து ஆபரேஷன். காலையில் கொண்டுபோய் விட்டு மாலை அழைத்துவந்தாள். தையலை நக்காமலிருக்க முழு உடம்புக்கும் பருத்தியில் ஒரு சட்டை, கழுத்தில் கடைச் சீட்டு. "இன்னிக்கு உடம்புச் சூடு குறையும். வெதுவெதுப்பா வச்சுக்கோங்க, கொதிக்கிற மாதிரி எதுவும் வேணாம்" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கடையில் இருந்த வெட்டுத்துணியையெல்லாம் போர்த்தினாள். மகள் கொடுத்த கம்பளியைப் போர்த்தினாள். மடியில் வைத்துக்கொண்டாள். ஊசியின் மடியில் என்ன சூடு இருக்கும்? நாய் நடுங்கிக்கொண்டே இருந்தது. மயக்கம் தெளியாத கண் சுவரைப் பார்த்தது.

ஊசி எழுந்து சுவரைத் தட்டினாள்.

"ஏய்... அங்க துணி சூடா இருக்கா?"

"தேய்ச்சு எடுத்து வச்சிருக்கேன் அண்ணி. வாங்க."

பெட்டி நாலைந்து துண்டுகளை வெதுவெதுப்பாக மடித்து, தயாராக விரித்து வைத்திருந்தாள். கிடத்திய கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. சுவாசம் சீராக வந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

"பெட்டிச் சூடு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாங்களே அண்ணி?"

"டாக்டர் சொல்லல. நான் சொன்னேன்."

"தெரியும். டாக்டரம்மாவோட வெள்ளைக் கோட்டை யாரு தேய்க்கிறா? மறுநாளே கேட்டுட்டேன்."

ஊசிக்கு முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது. "தெரிஞ்சுமா மூணு வாரம் வாயை மூடிட்டு இருந்த?"

"நீங்க மெஷின் மிதிக்கும்போது பாட்டு முணுமுணுத்தீங்க. நீங்க இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்துல நான் கேட்டதே இல்ல. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

இப்படி ஒருத்தி நல்லவளாக இருந்தால் மற்றவள் என்னதான் செய்வாள்? அதுவும் ஒரு கொடுமைதான். "அதுலயும் நீதான் பெரியவளா?" என்று முனகினாள் ஊசி. ஆனால் பத்து நாளும், இரண்டடித்ததும் தானே நாயைத் தூக்கிக்கொண்டுபோய் அந்தத் துண்டின்மேல் வைத்தாள். பக்கத்திலேயே முக்காலி போட்டுக்கொண்டு சட்டைகளுக்குப் பொத்தான் கட்டினாள், பொத்தான் துளைக்குக் காஜா எடுத்தாள்.

பதினோராம் நாள் தையல் பிரிக்கப் போனார்கள், இந்த முறை இருவருமாக. டாக்டரம்மா நாயின் சட்டையைக் கழற்றி உட்புறமாகத் திருப்பியவர் சிரித்துவிட்டார். கழுத்தில் ஊசியின் கடைச் சீட்டு. கீழ் மடிப்பில், கறுப்பு மசியில், துவைக்க வந்த துணிகள் மாறிப்போகாமலிருக்கப் பெட்டி போடுகிற சலவைக் குறி. இரண்டு வளையம், நடுவில் ஒரு புள்ளி. அழிக்கவே முடியாத மசி.

"நீ எப்படி இதுல குறி போட்ட?"

"துவைக்கக் குடுத்தீங்களே அண்ணி, பழக்க தோஷம்" என்றாள் பெட்டி. கண் மட்டும் ஜன்னலுக்கு வெளியே இருந்தது.

நல்லவளுக்கும் வயிறு காந்துகிறது என்பதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் வழிநெடுக ஊசியின் நடை எம்பி எம்பிப் போனதாம். தரையில் கால் படவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கடைக்கு வந்ததும் கழுத்திலிருந்த சீட்டைப் பிரித்தாள். அதைக் கீழ் மடிப்பில், அந்தக் குறி மறையும்படி அதன் மேலேயே வைத்து நாலு பக்கமும் தைத்தாள்.

பிறகு ஒருநாள் நான் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தச் சீட்டின் தையலை எண்ணிப் பார்த்தேன். அங்குலத்துக்கு இருபத்திரண்டு.