ஓர்கனுக்குள் இருந்த கூட்டம்

தேனீ பிடிக்கிறவனை யாரும் நல்ல செய்தி சொல்ல அழைப்பதில்லை. தொலைபேசியை எடுத்ததும் கேட்பது பெரும்பாலும் அலறல். அல்லது பின்னால் யாரோ மண்ணெண்ணெய் தேடுகிற சத்தம். கொல்லாமல் எடுத்து வேறிடத்தில் குடிவைப்பதுதான் என் வேலை என்று சொன்னால், மறுமுனை நம்பாமல் இன்னொருமுறை கேட்கும். தேனீ கொட்டி வீங்கிய கண்ணிமையோடு கல்யாண வீட்டுக்குப் போய்ப் படத்துக்கு நின்றவர்கள் உங்களில் யாரும் இருந்தால், உங்களுக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை. இந்தத் தை மாதம் ஒரே ஒரு கூட்டத்தோடு பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன்.

பெண் பூ

கொடிகாமத்தில் பூசணி போட்டிருக்கும் தவம் அண்ணை ஒரு தேனீக் கூட்டம் வேண்டும் என்று மார்கழியிலேயே என்னிடம் சொல்லிவைத்திருந்தார். கொடி நிறையப் பூ. பிஞ்சுதான் நிற்கவில்லை, மஞ்சளாகிச் சுருண்டு விழுந்தது. மகரந்தத்தைப் பூவுக்குப் பூ காவுவதற்கு அந்தப் பக்கத்தில் காட்டுத் தேனீ இல்லை. பொந்து மரங்களைத் தறித்து மதில் கட்டிவிட்டார்கள். மிஞ்சியவை தோட்டத்து மருந்தில் போயின.

விடிகிற நேரத்தில் அவரும் மனைவியும் ஆண் பூவைப் பறித்து, ஒவ்வொரு பெண் பூவாகத் தொட்டுக்கொண்டு போவார்கள். பனிக்குள் குனிந்து நடக்கும் அந்த இருவரையும் தூரத்தில் பார்த்தால், கனவில் எதையோ தொலைத்துவிட்டு விழித்தபின்னும் தேடுகிறவர்கள்போல் இருக்கும். இந்தப் போகமும் விளைச்சல் இல்லாமல் போனால் தோட்டத்தை விட்டுவிட்டுக் கொழும்பில் கடை வேலைக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. என்னைக் கண்டதும் தவம் அண்ணை நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தேனீ செய்யிற வேலை எல்லாத்தையும் நாங்கள் செய்யிறம் அண்ணை. தேன் மட்டும் வருகுதில்லை."

சுருதி

பருத்தித்துறையிலிருந்து ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் அழைத்தார். அலறவில்லை. தேவாலயத்தில் ஓர்கன் வாசித்த தகப்பனின் பழைய மிதி ஓர்கன் முன்னறையில் இருக்கிறது, அதற்குள் தேனீ. கனடாவிலிருந்து தம்பி குடும்பம் வருகிறதாம், வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க வேண்டுமாம்.

யன்னல் சட்டங்களுக்கு இடையால் வெயில் கோடுகோடாக விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கோட்டிலும் தேனீக்கள் பொன்னாகி, அடுத்த நொடி காணாமல் போயின. ஒருவரும் மிதிக்காத ஓர்கன் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. பலகையில் காதை வைத்தேன். எலும்புக்குள் கேட்டது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது, ரீச்சரும் அவசரப்படுத்தவில்லை. எப்போது வந்தவை என்று கேட்டேன். போன மழைக்கு முந்தி என்றார். இவ்வளவு காலமும் ஏன் யாரிடமும் சொல்லவில்லை?

"சுருதி பிசகாமல் இருந்திச்சினம் தம்பி. பிறகென்னத்தைச் சொல்லுறது?"

ஒரு ரின்

பெயின்ற் அடிக்க வந்தவருக்கு என் பெட்டியையும் புகைபோட வைத்திருந்த தேங்காய்ப் பொச்சையும் பார்க்கச் சிரிப்பாக இருந்தது. அவர் கையில் பூச்சிமருந்து ரின் இருந்தது. மூடியைக்கூடத் திறந்துவிட்டார். பகலில் பாதிப் பூச்சி வெளியில் மேய்கிறது, பொழுதுபட்டு மைம்மலுக்கு எல்லாம் திரும்பிவந்த பிறகுதான் கூட்டத்தைக் குலையாமல் கொண்டுபோகலாம் என்று கெஞ்சினேன். இது செத்தால் தவம் அண்ணைக்குக் கொடுக்க எனக்கு வேறு கூட்டம் இல்லை. ரீச்சர் வந்து ஓர்கனுக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பெயின்ற்காரர் பெருமூச்சுவிட்டு ரின்னை மூடினார்.

"சரி, பின்னேரம் மட்டும் பொறுக்கிறன். ஆனா அண்ணை, தேனிலை ஒரு போத்தில் எனக்கு."

கதலி

எங்கள் ஊர்களில் வாயில் ஏதும் வைக்காமல் ஒரு வீட்டில் வேலை தொடங்க முடியாது. ரீச்சர் தேத்தண்ணியோடு கனிந்த கதலிப்பழம் கொண்டுவந்தார். கதைத்துக்கொண்டே இரண்டு மூன்றை முடித்துவிட்டேன். கொட்டிய தேனீ மற்றத் தேனீக்களை உதவிக்குக் கூப்பிட விடுகிற வாசமும் கனிந்த வாழைப்பழ வாசமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இதை ஊரெல்லாம் போய் வகுப்பெடுக்கிறவன் நான்.

கூடு எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்க்கப் பின்பலகையைக் கழற்றி, ஒரு மூச்சு விட்டேன். சுருதி மாறியது. பிறகு நடந்ததில் பாதியை நான் பார்க்கவில்லை. தலையில் துவாயோடு கிணற்றடிக்கு ஓடிக்கொண்டிருந்தேன். வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளித்துக்கொண்டு நிற்கும்போது ரீச்சர் படியில் வந்து நின்றார்.

"எல்லாரும் ஆசையாய்ச் சாப்பிடுற பழம். உங்கடை ஆக்களுக்குத்தான் பிடிக்கேல்லைப் போல."

முன் சீற்று

வெயில் தணிந்ததும் திரும்பப் பலகையைத் திறந்தேன். வதை வதையாகத் தேனடைகளை வெட்டிப் பெட்டியின் சட்டங்களில் நூலால் கட்டினேன். இராணி பெட்டிக்குள் போனதும், மற்றவை யாரோ பெயர் கூப்பிட்டதுபோல வரிசையாக நடந்து பின்னால் போயின. கடைசியாக மேய்ந்து வந்தவையும் உள்ளே போகும்வரை பொறுத்திருந்து வாசலை வலையால் மூடினேன். கொட்டு வாங்கி வீங்கியதில், மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற கண் எனக்கு அன்று இல்லை. கொடிகாமம் பஸ்ஸில் ஏறினேன்.

வரணிப் பக்கத்து வெளியில் தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாத நிலா வெளிச்சம். பெட்டி மடியில் இளஞ்சூடாக இருந்தது. தூங்குகிற பிள்ளையை ஏந்தியிருப்பதுபோல் கையை அசைக்கப் பயந்தேன். பெட்டிக்குள் என்ன என்று நடத்துநர் கேட்டார். பொய் சொல்ல வரவில்லை. தேனீ, இராணி, குஞ்சு எல்லாம் இருக்கிறது என்றேன். பக்கத்தில் இருந்தவர் மெல்ல எழுந்து போனார். நடத்துநர் மட்டும் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார்.

"குஞ்சு குருமனோடை பின்னுக்கு இருக்காதேங்கோ, தூக்கிப் போடும். முன் சீற்றுக்கு வாங்கோ."

வொலிபோல்

தவம் அண்ணையின் தோட்டத்துக்கு அடுத்தது அவருடைய மச்சான் குகனின் மிளகாய்த் தோட்டம். குகன் காலையில் மருந்து அடிப்பவர். கூட்டம் குடியேறிய அந்தக் கிழமைக்குள்ளேயே, பெட்டி வாசலில் தேனீக்கள் மல்லாந்து கிடந்து சுழன்றன. தவம் அண்ணை அவற்றை உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு வேலிக்குப் போனார். பொழுதுபட்டு, பூச்சி அடங்கியபின் அடித்தால் போதும், பிஞ்சு பிடிக்கும் மட்டுமாவது என்று கேட்டார். குகன் மருந்துத் தாங்கியை முதுகிலிருந்து இறக்காமலே பதில் சொன்னார்.

"பின்னேரம் எனக்கு வொலிபோல் மச்சான். உன்ரை பூச்சியை வேணுமெண்டால் விடிய நித்திரை கொள்ளச் சொல்லு."

தலையில்லாப் பனை

பிறகு ஒருநாள் தவம் அண்ணை அழைத்தார். பெட்டி காலி. காட்டுக் கூட்டம் அப்படித்தான். பிடிக்காவிட்டால் சொல்லாமல் கிளம்பிவிடும். நான் போனபோது அவரும் மனைவியும் மறுபடி ஆண் பூவோடு குனிந்திருந்தார்கள். வெறும் பெட்டியை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு வரம்பில் நின்றேன்.

அப்போதுதான் பூவுக்குள்ளிருந்து ஒரு தேனீ, உடம்பெல்லாம் மஞ்சள் தூளோடு, பாரம் தாங்காததுபோல் எழுந்தது. அடுத்த பூவிலும் ஒன்று. இலையை விலக்கினால் பிஞ்சுகள் பச்சையாக நின்றன. பறந்த திசையைப் பார்த்துக்கொண்டே மூவரும் நடந்தோம், வேலியைத் தாண்டி. சண்டைக் காலத்தில் எறிகணைச் செல் பட்டுத் தலைபோன பனை ஒன்று குகனின் காணி மூலையில் நின்றது. அதன் பொந்து வாசலில் எங்கள் கூட்டம் வெயிலில் மினுங்கி மினுங்கிப் போய்வந்தது. கீழே குகன், மருந்துத் தாங்கியைத் தூரத்தில் வைத்துவிட்டு, வாயைத் திறந்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் கையை விரித்து மறித்தார்.

"கிட்டப் போகாதேங்கோ அண்ணை, இது என்ரை காணிப் பூச்சி. மச்சான், உனக்கும்தான் சொல்லுறன், இனி விடியப்புறத்திலை ஒருத்தரும் உந்தப் பக்கம் மருந்து அடிக்கக்கூடாது."

தேனீக்களை இடம் மாற்றுவதுதான் என் தொழில் என்று இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறேன், அவற்றை ஒருமுறைகூட நான் நினைத்த இடத்தில் வைத்திருக்க முடிந்ததில்லை என்றாலும்.