மஞ்சளாகாத தண்ணீர்

என் வீட்டுக்காரரை எல்லோரும் ‘இடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். கோடாலி விழுகிற சத்தம் அப்படி. வாய் அதைவிட மோசம். பதிமுகக் கட்டையைப் பிளந்து, வெளுத்த பாகத்தைச் செதுக்கித் தள்ளிவிட்டு, உள்ளே இருக்கிற சிவந்த வைரக்கட்டையை மட்டும் சீவித் தூளாக்கி விற்பதுதான் எங்கள் பிழைப்பு. சாயம் போடுகிறவர்கள் மூட்டையாக வாங்குவார்கள். மற்றவர்களுக்கு அது மருந்து: வயிற்றுப்போக்குக்கு, பெண்களின் உதிரப்போக்குக்கு, புண் கழுவுவதற்கு. ஒரு சிட்டிகை போட்டாலே வெந்நீர் சிவந்துவிடும். “நிக்கலன்னா டாக்டர்கிட்ட ஓடணும், புரியுதா?” என்று அதட்டித்தான் பொட்டலத்தைக் கொடுப்பார். கலப்படம் என்று எவனாவது முனகினால் போதும், சட்டையைப் பிடித்துவிடுவார். ஒருவனுக்கு முன்பல் போனது அப்படித்தான்.

அன்று மத்தியானம் மூட்டை தூக்குகிறவர் ஒருவர் இரும்புக் கம்பியோடு வந்தார். பின்னால் ஒரு கூட்டம். வந்த வேகத்தில் எங்கள் தராசை அடித்து நொறுக்கினார்.

“சாயத்தூளக் குடுத்து என் பொண்ணக் கொல்லப் பாத்தியாடா? வாந்தியெடுத்து எடுத்துச் சுருண்டு கெடக்கிறா!” என்று பாதிப் பொட்டலத்தை இவர் முகத்தில் வீசினார்.

இவர் சிரித்தார். பாவி மனுஷன், சிரித்தாரே! அதே பொட்டலத்தை வெந்நீரில் கொட்டிவிட்டு, ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கினார். “அசல் கட்டைன்னா புளிப்பு பட்டதும் மஞ்சளாயிடும். ஆகலன்னா இந்தக் கைய ஒடி.”

பிழிந்தார். தண்ணீர் சிவப்பாகவே இருந்தது. இன்னொரு மூடியையும் பிழிந்தார். ம்ஹூம்.

இவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை. பொட்டலம் கட்டுகிற என் தம்பியைப் பார்த்தார். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

இவர் வலது கையைக் கட்டை பிளக்கிற அடிமரத்தின்மேல் நீட்டினார். “வேண்டாங்க!” என்று நான் அலறி முடிப்பதற்குள் கம்பி இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அடுத்த அடி தோளில் விழுந்தது. தரையில் சாய்ந்தபடியே கத்தினார்: “பொண்ணு இப்ப எங்கடா?”

“வீட்லதான்...”

“அட முட்டாப்பயலே! மொதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுடா! என்ன அப்புறமா வந்து கொல்லு!”

அந்த ஆள் கம்பியைப் போட்டுவிட்டு ஓடினார். கூட்டமும் அவர் பின்னால் ஓடியது.

நான் தம்பியின் மயிரைப் பிடித்துக் கீழே தள்ளி, அகப்பட்ட கட்டையால் விளாசினேன்.

“அக்கா, கட்டை வரத்து நின்னுபோச்சு... ஆளுங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க... மரத்தூள்ல கொஞ்சூண்டு சாயம்தான்...”

“கொஞ்சூண்டா? அப்ப நீ குடிடா!” என்று அந்தத் தண்ணீரை வாயில் ஊற்றினேன். துப்பினான். உதட்டு ரத்தமும் சேர்ந்து வந்தது. கிடங்கில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டேன்.

இவரை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் அசையவில்லை. “அந்தப் புள்ளை சேதி தெரியட்டும்” என்று கையைத் துண்டில் கட்டிக்கொண்டு கிடங்கு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அந்தத் தகப்பன் திரும்பி வந்தார். “பொழச்சுக்கிட்டா. கண்ணத் தொறந்துட்டா” என்றார். இவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

“கலந்தது யாரு?”

“வித்தவன் நான். கைய ஒடிச்சிட்டீங்கல்ல, போங்க.”

தகப்பன் என்னைப் பார்த்தார். கிடங்குக்குள்ளிருந்து “அக்கா, அக்கா” என்று சத்தம் வந்தது. நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளைதான். தாழ்ப்பாளை நீக்கிவிட்டு, அந்தத் தகப்பன் உள்ளே போக வழிவிட்டு விலகி நின்றேன்.