ரேடியோ கேட்ட நாலு எண்

பழைய கார் விற்கும் அந்தக் கொட்டகையில் அவருக்கு ஒயர்புடுங்கி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, கடை மைத்துனருடையது. அதற்கு முன் பிரஸ், டிராவல்ஸ், ஜெராக்ஸ் கடை என்று போன இடத்திலெல்லாம் ஆறு மாதம் தாண்டவில்லை. எங்கேயும் முதலாளிக்குத்தான் ஒன்றும் தெரியாதாம்.

இவர் கற்ற வித்தை ஒன்றே ஒன்று. எஞ்சின் கோளாறு விளக்கு எரிந்தால், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு டீ குடித்து வந்து மாட்டுவார். விளக்கு அணைந்திருக்கும். அரை மணி எஞ்சின் ஓடினால் திரும்ப எரியும். வாங்க வருகிறவர்கள் பத்து நிமிடத்துக்கு மேல் ஓட்டிப் பார்ப்பதில்லை என்பதுதான் இவருடைய முழு மூலதனம்.

அன்று காலை மைத்துனர் முடிவாகச் சொல்லிவிட்டார். "மாப்பிள்ளை, இந்த வெள்ளை வண்டி இன்னைக்குப் போகலேன்னா நீங்க வேற இடம் பாத்துக்கங்க."

வந்தவர் ஒரு நர்ஸ். ஓட்டினார், பிடித்திருந்தது. ரேடியோவைத் தட்டினார். காலையில்தான் பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டியிருந்தார். மின்சாரம் அறுந்த கார் ரேடியோ, தன்னைத் திருடிவிட்டார்களோ என்று சந்தேகப்படாமல் வேறென்ன செய்யும்? நாலு எண் ரகசிய நம்பர் கேட்டது.

"நம்பர் என்ன சார்?"

தெரியாது என்று சொன்னால் நாக்கு அழுகிவிடுமா? "நமக்கு அத்துப்படிம்மா" என்று தன் பிறந்த வருடத்தைப் போட்டார். பிறகு வண்டி நம்பர். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ரேடியோ பூட்டிக்கொண்டது.

"இனி இந்தப் பூட்டு விலக ஒரு மணி நேரம் சாவி போட்டே இருக்கணும். எஞ்சினும் ஓடணும், இல்லேன்னா பேட்டரி இறங்கிடும்" என்று மேதாவித்தனத்தையும் சேர்த்து அவிழ்த்துவிட்டார். தவளை தன் வாயால் கெடும்.

"இன்னைக்கு எனக்கு லீவுதான்" என்று நர்ஸ் இருக்கையில் சாய்ந்துகொண்டார்.

இவர் கை சாவிக்குப் போனது. "அணைச்சிடலாமேம்மா, பெட்ரோல் வீணு..."

"பேட்டரி இறங்கிடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

முப்பத்தைந்தாவது நிமிடம் விளக்கு மஞ்சளாக எரிந்தது. அதற்குள் நர்ஸ் டேஷ்போர்டு அறையைத் திறந்து, வண்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டியிருந்தார். கடைசிப் பக்கத்தில் நாலு எண்ணும் பளிச்சென்று இருந்தன. மூன்று மாதமாக இவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"இது என்ன சார் விளக்கு?"

மைத்துனரும் வந்து நின்றார். அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "ஒயர் லூசும்மா, ஒரே நிமிஷம்" என்று எஞ்சினை அணைத்தார், பானெட்டைத் தூக்கினார், இருவர் கண்ணெதிரே ஸ்பேனரைப் போட்டு பேட்டரி ஒயரைக் கழற்றினார், கொஞ்ச நேரம் கழித்து மாட்டினார், சாவியைத் திருப்பினார்.

"பாத்தீங்களா, அணைஞ்சிடுச்சு!"

உண்மைதான், விளக்கு அணைந்திருந்தது. ரேடியோ மறுபடி நம்பர் கேட்டது. நர்ஸ் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். மைத்துனர் ஸ்பேனருக்காகக் கையை நீட்டினார்.